நான் வாசிக்காத மூன்றாம் ஓலை

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் மகள் ஜெசி கால்வே நகரத்திலிருந்து போன் செய்தாள். அவளாகப் போன் செய்தால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம். சும்மா பேசுவதற்கு அவளுக்கு அம்மா இருக்கிறாள். அப்பாவிடம் பேசுவது விண்ணப்பம் போடுவதற்கு.

“அப்பா, கானரோட அக்காவுக்கு பேபி பிறந்திருக்கு இல்ல? நானும் கானரும்தான் காட்பேரண்ட்ஸ். என்னோட பாப்டிசம் சர்டிஃபிகேட் கேக்கறாங்க. ஆரணிலேர்ந்து வாங்கித் தர முடியுமா?”

கானர் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஊரில் இருப்பவர்களிடம் இத்தனை நாள் மறைத்த விஷயம், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. கானர் என் மகளோடு இரண்டு வருடமாக ஒரே வீட்டில் குடியிருக்கும் அயர்லாந்துப் பையன். கல்யாணம் ஆகவில்லை. இங்கே அதற்குப் ‘பார்ட்னர்’ என்று பெயர். பல் டாக்டர் முதல் வரி ஆபீஸ் வரை எல்லாப் படிவத்திலும் அதற்கென்று ஒரு கட்டம் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். டிக் அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். இந்த அயர்லாந்துக்கு வந்து பத்தொன்பது வருடமாகியும் எனக்குத்தான் அந்த டிக் விழமாட்டேன் என்கிறது.

அவள் அந்த வீட்டுக்குக் குடிபோன அன்றே சொல்லிவிட்டேன். உடம்பைக் கொடுப்பது என்றால் மொத்த வாழ்க்கையையும் கொடுப்பது. அதைக் கோயில் பீடத்துக்கு முன்னால் வாய் திறந்து சொல்லாமல் கொடுப்பது பொய் சொல்வதற்குச் சமம். அந்த வீட்டு வாசலில் என் கால் படாது. வருடக்கணக்கில் கோயில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் எடுத்தவன் இல்லையா, பேச்சு தங்குதடையில்லாமல் வந்தது. ‘ஓகே அப்பா’ என்றாள். அதோடு சரி. அதற்குப் பிறகு நாங்கள் சந்திப்பது கால்வே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கடையில். பெற்ற மகளோடு காபிக் கடையில் உட்கார்ந்து, கோப்பை காலியானதும் எழுந்து போவது மாதிரி ஒரு கொடுமை கிடையாது. பீடத்தைப் பற்றிச் சொன்னது தப்பு என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. வாசலைப் பற்றித்தான் சொல்லியிருக்க வேண்டாம்.

சரி, சர்டிஃபிகேட். ஆரணியில் இருக்கும் என் அக்கா லூர்து மேரிக்குப் போன் போட்டேன்.

2

அக்காவுக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். ஐம்பது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகாதவள். மாதா கோயில் தெருவில் எங்கள் பழைய வீட்டில் தனியாக இருக்கிறாள். இங்கே நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில் எல்லோரும் என்னை ‘ஜோ’ என்று கூப்பிடுவார்கள். என்னைச் சூசை என்று கூப்பிட உலகத்தில் மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான்.

ஜெசி பிறந்ததும் ஞானஸ்நானம் பெற்றதும் ஆரணியில். அன்று அவளைக் கையில் ஏந்தி ஞானத்தாயாக நின்றதும் அக்காதான். அதனால் சர்டிஃபிகேட் என்றதும் ஏதோ தனக்கே விருது கொடுக்கப்போகிற மாதிரி கிளம்பிப் போனாள். கோயில் ஆபீஸில் புதிதாக ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறானாம். முதல் நாள் பிரிண்டர் கோளாறு என்றான். இரண்டாம் நாள் கையெழுத்துப் போடச் சாமியார் இல்லை என்றான். மூன்றாம் நாள் அக்கா ஆபீஸ் வாசலிலேயே ஜெபமாலையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாலையின் ஐம்பத்து மூன்று மணிகளையும் உருட்டி முடிப்பதற்குள் சர்டிஃபிகேட் வந்துவிட்டது.

போட்டோ பிடித்து வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டு, போனும் செய்தாள்.

“எத்துக்குடா இது? கல்யாணமா? மறைக்காத, சொல்லு.”

“கல்யாணம் இல்லக்கா. ஒரு கொழந்தைக்கு ஞானத்தாயா நிக்கறா. அந்தப் பையன் ஞானத்தகப்பன்.”

“எந்தப் பையன்? கூடவே இருக்கறானே, அவனா?”

அக்காவிடம் நான் இதைச் சொன்னதே இல்லை. ஸ்டெல்லா, என் மனைவி, எப்போதோ சொல்லியிருக்கிறாள். எனக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனால் அக்கா அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. அவள் கவலை வேறு.

“டேய், உனக்கு புத்தி கித்தி பெசகிடுச்சா? ரெண்டு பேரும் ஒரே கொழந்தைக்கு நின்னா ஞான ஒறவு ஆயிடும்டா! நாளைக்கே அந்தப் பையனுக்கு மனசு மாறி, கோயில்ல வச்சி தாலி கட்றேன்னு வந்தான்னு வையி, முடியாதே! தடை ஆயிடுமே!”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது எப்படி எனக்குத் தோன்றாமல் போனது?

“நீ ஜல்தியா போயி அங்க சாமியாரக் கேளு. இன்னா சொல்றாருன்னு எனக்குச் சொல்லு,” என்றாள். பிறகு குரலைத் தணித்து, “எனக்கு ஆனது போதும் சூசை. அந்தக் கொழந்தைக்கும் ஆவ வேணாம்,” என்றாள்.

இருபத்தெட்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்தது அன்றுதான் முதல் தடவை.

3

அக்காவுக்கு ஆனது இதுதான்.

அவள் அப்போது படவேடு போகும் வழியில் ஒரு கிராமத்தில், கன்னியாஸ்திரிகள் நடத்திய பால்வாடியில் டீச்சர். ஆரணியிலிருந்து அந்தப் பக்கம் போகக் காலையில் ஒரு தனியார் பஸ். அதை விட்டால் மத்தியானம்தான். அந்த பஸ்ஸின் கண்டக்டர் சவரிமுத்து. கலசப்பாக்கத்துக்காரர், நம் கத்தோலிக்க சபைதான். ஒரு வருடம் ஒரே பஸ்ஸில் போய் வந்ததில் இருவருக்கும் பிடித்துப்போயிற்று போலிருக்கிறது. போலிருக்கிறது என்றுதான் என்னால் சொல்ல முடியும். அக்காவிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. சவரி முறைப்படி தன் சித்தப்பாவை அனுப்பிப் பெண் கேட்டார். நைனா, எங்கள் அப்பா, ரைஸ் மில்லில் நெல் அவிக்கிற வேலையில் இருந்தார். மாதச் சம்பளக்கார மாப்பிள்ளை, அதுவும் வேதக்காரப் பையன், தேடி வந்தால் கசக்குமா? அன்றைக்கே சரி என்றுவிட்டார்.

நான் நர்சிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த நேரம். கையெழுத்து அழகாக இருக்கும் என்று பங்குச் சாமியார் என்னைக் கோயில் ஆபீஸில் உட்காரவைத்திருந்தார். பதிவேட்டைப் பார்த்து ஞானஸ்நானச் சான்றிதழ் எழுதுவேன். பூசையில் அறிவிப்பு வாசிப்பேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித்தருவேன். இருபத்து மூன்று வயதில் நான் அரைச் சாமியார். திருச்சபைச் சட்டம் முழுக்க எனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்குத் தடை ஏதாவது இருப்பது தெரிந்தவர்கள் பங்குச் சாமியாருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சொல்வார்கள். அக்காவின் முதல் ஓலையையும் இரண்டாம் ஓலையையும் மைக்கில் வாசித்தது நான்தான். பெருமையில் குரல் நடுங்கியது. பூசை முடிந்து வெளியே வந்தபோது தெருப் பெண்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டு கிண்டல் செய்தார்கள். “இனிமே லூர்துக்கு டிக்கெட்டே வாணாம்டீ!” அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

இரண்டாம் ஓலை வாசித்த மறுநாள் சவரியின் ஞானஸ்நானச் சான்றிதழை எழுத உட்கார்ந்தேன். அவர் பிறந்தது ஆரணியில், மிஷன் ஆஸ்பத்திரியில். பிழைக்குமா பிழைக்காதா என்று கிடந்த குழந்தை. அவசரமாக அங்கேயே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்து, பிறகு எங்கள் கோயில் பதிவேட்டில் எழுதியிருந்தார்கள். ஞானத்தாய் என்ற இடத்தில் எங்கள் அம்மாவின் பெயர் இருந்தது.

அம்மா அந்த ஆஸ்பத்திரியில் வார்டு பெருக்குகிற வேலை செய்தவள். சாகக் கிடக்கிற குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது யார் பக்கத்தில் நிற்கிறார்களோ அவர்தான் ஞானத்தாய். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து நிற்பாளாம். அப்படித் தனக்கு எத்தனை ஞானப்பிள்ளைகள் என்று அவளுக்கே தெரியாது. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். சவரியின் வீட்டாருக்கும், ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு அம்மா நின்றார்கள் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. தெரிந்தது பதிவேட்டுக்கும் எனக்கும்தான்.

ஞானத்தாய் பெற்ற தாய்க்குச் சமம். அப்படியானால் சவரியும் அக்காவும் அண்ணன் தங்கை. எங்கள் பக்கம் பெரியவர்கள் அப்படித்தான் பேசுவார்கள், நானும் அப்படித்தான் நம்பினேன். சட்டப் புத்தகத்தில் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. பங்குச் சாமியார் அந்த வாரம் தியானத்துக்கு வேலூர் போயிருந்தார். சனிக்கிழமை வந்துவிடுவார். ஐந்து நாள் பொறுத்திருக்கலாம். ஐந்தே நாள். நான் பொறுக்கவில்லை. பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய், நைனாவுக்கு விரல் வைத்து வாசித்துக் காட்டினேன். நைனாவுக்கு எழுத்துத் தெரியாது. மகன் வாசித்துச் சொன்னால் அதுதான் வேதம்.

“அண்ணன் தங்கச்சிக்காடா தாலி கட்டப் பாத்தோம்?” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அக்கா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அடுப்பில் இருந்த சோறு அடிப்பிடித்து வாசனை வந்தபோதுகூட அவள் நகரவில்லை.

மறுநாள் சவரி வந்தார். வீட்டுக்குள் வரவில்லை, தெருவில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். கண்கள் சிவந்திருந்தன. என்னைவிடப் பெரியவர், ஆனாலும் மரியாதையாகத்தான் கேட்டார்.

“சாமியக் கேட்டீங்களா?”

“கேட்டாச்சி,” என்றேன்.

கேட்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன்? கெட்ட எண்ணம் கிடையாது. சாமியார் வந்ததும் இதைத்தான் சொல்லப்போகிறார், அதை நான் நாலு நாள் முன்னால் சொல்கிறேன், அவ்வளவுதான் என்று நினைத்தேன். எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல அந்த இருபத்து மூன்று வயது மேதாவிக்கு வாய் வரவில்லை. சவரி தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை சாமியார் வந்தபோது நைனா வெட்கப்பட்டுக்கொண்டு, “மாப்பிள்ளை வூட்ல ஒத்துவரல சாமி,” என்று மட்டும் சொல்லிவிட்டார். அண்ணனுக்கே பெண் கொடுக்கப் பார்த்த வீடு என்று ஊர் பேசிவிடுமோ என்ற பயம். சட்டம் தெரிந்த ஒரே ஆளிடம் காரணத்தை மறைத்துவிட்டோம். மறுநாள் ஞாயிறு பூசையில் அறிவிப்பு வாசித்தேன். மரியாயின் சேனைக் கூட்டம், பீடப்பூக்கள், கோயில் சுத்தம் செய்கிற முறை, எல்லாம் வாசித்தேன். மூன்றாம் ஓலையை வாசிக்கவில்லை. பெண்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

சவரி மறுவருடம் கலசப்பாக்கத்திலேயே கல்யாணம் செய்துகொண்டார். அக்காவால் அந்த பஸ்ஸில் ஏற முடியவில்லை. காலையில் வேறு பஸ்ஸும் கிடையாது. பால்வாடி வேலையை விட்டுவிட்டு, தெருவில் ஒரு பட்டுத் தறிக்காரர் வீட்டில் தார் சுற்ற உட்கார்ந்தாள். தறியில் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூல் சுற்றுகிற வேலை. இன்றும் அதே வேலைதான். வேறு வரன் வந்தபோதெல்லாம் “வாணாம்” என்ற ஒரே சொல்தான் பதில். நைனா கண்மூடும்வரை பார்த்துக்கொண்டாள். நான் சவுதிக்குப் போனேன், அப்புறம் அயர்லாந்துக்கு வந்தேன். நடுவில் எனக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளை பிறந்தது. எல்லாம் முறையாக, மூன்று ஓலை வாசித்து நடந்தது.

4

நான் குடியிருக்கும் லிமெரிக்கில் எங்கள் பங்குச் சாமியார் நைஜீரியாக்காரர். ஃபாதர் இம்மானுவேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு முன்னால் இருந்தவர் வயதான ஐரிஷ்காரர். வந்த புதிதில் அவரிடம் நம் ஊர் வழக்கப்படி, ‘ஃபாதர், எனக்கு ஒரு டவுட்’ என்று ஆரம்பித்துவிட்டேன். பாவம், மனிதர் பதறிப்போய் என்னை உட்காரவைத்து, டீ போட்டுக் கொடுத்து, விசுவாசம் ஆட்டம் காண்பது புனிதர்களுக்கும் நடப்பதுதான் என்று முக்கால் மணி நேரம் தேற்றினார். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது பூசை எத்தனை மணிக்கு என்பதுதான். ஃபாதர் இம்மானுவேலிடம் அந்தத் தொல்லை இல்லை. அவர் ஊரிலும் டவுட் என்றால் வெறும் கேள்விதானாம்.

விஷயத்தைச் சொன்னேன். இரண்டு பேரும் ஒரே குழந்தைக்கு ஞானப்பெற்றோராக நின்றால், பிற்பாடு அவர்கள் கல்யாணம் செய்துகொள்ளத் தடையாகிவிடும் இல்லையா, எப்படியாவது இதை நிறுத்த வேண்டும் என்றேன்.

அவர் சிரித்தார். கேலியாக அல்ல, ஒரு குழந்தை தப்பாக ஜெபம் சொன்னால் சிரிப்போமே, அப்படி.

“அவர்கள் கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்கிறார்கள். ஞானப்பெற்றோராக நிற்கிறவர்களுக்கு அது சரியா என்பது பெரிய கேள்விதான். அதை அந்தப் பங்கின் சாமியார் அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஆனால் நீங்கள் கேட்கிற தடை, அப்படி ஒன்று இல்லை,” என்றார்.

“ஞான உறவு, ஃபாதர்?”

“இப்போதைய சட்டத்தில் கிடையாது. பழைய சட்டத்தில் இருந்தது. அதுகூட ஞானத்தாய்க்கும் அவர் ஏந்திய குழந்தைக்கும் இடையில்தான்.”

“ஞானத்தாயின் சொந்த மகளுக்கும் அந்தக் குழந்தைக்கும்?”

“அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?” என்றார். “யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று இது தடை, அது தடை என்று சொல்லிவிட முடியாது. கல்யாணத்தை உண்டாக்குவது அந்த இரண்டு பேரின் சம்மதம். சாமியார்கூட அதற்குச் சாட்சிதான். அதற்குக் குறுக்கே ஒரு தடை வைக்கத் திருச்சபையின் உச்சத் தலைமைக்கு மட்டும்தான் அதிகாரம் உண்டு. ஏன் கேட்கிறீர்கள்? உங்கள் ஊரில் யாராவது வைத்தார்களா?”

“நான்தான் ஃபாதர்,” என்றேன்.

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

5

அன்று முதல் எட்டு நாள் நான் அக்காவிடமிருந்து ஓடி ஒளிந்தேன். ஐம்பது தாண்டிய ஆள், ஒரு வார்டையே கட்டி மேய்க்கிறவன், போன் மணி அடித்தால் குளியலறைக்குள் போய் நின்றுகொண்டேன். அவள் வாட்ஸாப்பில் குரல் அனுப்புவாள். “சூசை, சாமியாரப் பாத்தியா?” “சூசை, இன்னாடா ஆச்சு? ஞானஸ்நானத்துக்கு நாள் வேற நெருங்குதே.” ஃபாதர் லீவில் போயிருக்கிறார் என்று எழுதினேன். இன்னொரு பொய்.

ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சவரியிடம் நான் சொன்ன பொய்யை அவளிடமே அன்றுதான் முதலில் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அக்காகிட்ட சொல்லிடுங்க.”

“சொல்லி என்ன ஆகப்போகுது? சவரிக்குப் பேரப்பிள்ளையே வந்திருக்கும். இத்தனை வருஷமா கடவுள் போட்ட சட்டம்னு நெனச்சு மனசத் தேத்திக்கிட்டு இருக்கா. தம்பி போட்ட சட்டம்னு தெரிஞ்சா தாங்குவாளா? ஜெசி வேற ஆள நிறுத்திட்டான்னு சொல்லிட்டா விஷயம் முடிஞ்சுது.”

“ஏங்க, அவங்க தாங்குவாங்களான்னு பாக்கறீங்களா, நீங்க தாங்குவீங்களான்னு பாக்கறீங்களா?” என்றாள்.

சனிக்கிழமை சர்டிஃபிகேட்டின் அச்சுப்பிரதியை எடுத்துக்கொண்டு கால்வேக்குப் போனேன். காபிக் கடைக்குப் போகவில்லை. விலாசம் கேட்டு வீட்டுக்கே போனேன். கதவைத் திறந்த கானர் என்னைப் பார்த்ததும் போலீஸைப் பார்த்த மாதிரி நின்றான். வீடு சின்னது, சுத்தமாக இருந்தது. சுவரில் என் கல்யாண போட்டோ மாட்டியிருந்தது. அதை எதிர்பார்க்கவில்லை. கானர் டீ போடுகிறேன் என்று உள்ளே போனவன் வெகுநேரம் வரவில்லை. பயந்துகொண்டுதான் உள்ளேயே நின்றிருக்கிறான், பாவம்.

ஜெசியிடம் அவள் அத்தையின் கதையைச் சொன்னேன். தமிழும் இங்கிலீஷும் கலந்து, சில இடங்களில் இரண்டும் வராமல். அவள் என்னைத் திட்டவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

“அத்தைக்கு அவரப் பிடிச்சிருந்துதா?”

“பிடிச்சிருந்துது போல.”

“நீங்க கேக்கவே இல்லையா?”

“இல்லம்மா.”

“என்னையும் கேட்டதில்லப்பா. கானர எனக்கு ஏன் பிடிச்சிருக்குன்னு ஒரு தடவகூட நீங்க கேட்டதில்ல. கல்யாணம் எப்போ, கல்யாணம் எப்போன்னுதான் கேட்டீங்க.”

அப்போதாவது கேட்டிருக்கலாம். வாய் வரை வந்தது. அதற்குள் டீ வந்துவிட்டது, வீட்டில் ஹீட்டர் சரியாக வேலை செய்கிறதா என்று கேட்டுத் தொலைத்தேன். செய்கிறது என்றான் கானர். கிளம்பும்போது ஜெசி வாசல்வரை வந்து, “அத்தைகிட்ட சொல்லுங்கப்பா. அது அவங்க லைஃப், உங்களோடது இல்ல,” என்றாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். இங்கே பஸ்ஸில் அழுதால் யாரும் என்ன என்று கேட்கமாட்டார்கள்.

6

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் போன் போட்டேன். ஆரணியில் சாயந்தரம். பக்கத்து வீட்டு விசைத்தறிக்கு அன்று விடுமுறை போலிருக்கிறது, அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது.

“இன்னாடா, சாமியாரு லீவுலருந்து வந்துட்டாரா?”

“அவர் லீவே போவலக்கா. போன வாரமே கேட்டுட்டேன்.”

“இன்னா சொன்னாரு?”

“தடை ஒண்ணும் இல்லியாம். ரெண்டு பேரும் நிக்கலாம். அப்பறம் கட்டிக்கவும் கட்டிக்கலாம்.”

“அப்பாடா! மாதாவே! எட்டு நாளா பேஜாராயிட்டேன்டா. பிஷப்புகிட்ட எழுதி வாங்கணுமா?”

“ஒண்ணும் வாணாம். அந்த மாதிரி தடையே சட்டத்துல இல்லியாம்.”

“நல்லதாப் போச்சு. நீ அந்தப் பையன்கிட்ட பக்குவமா பேசு, கத்தாத. கொழந்தைக்கி நான் ஒரு பாவாட சட்ட எடுத்து…” என்று ஆரம்பித்தவள் நின்றாள். “இப்பதான் எடுத்தாங்களா, அந்தச் சட்டத்த?”

ஆமாம் என்று ஒரு சொல் போதும். காலம் மாறிவிட்டது, சட்டமும் மாறிவிட்டது, நம் தலையெழுத்து முன்னால் பிறந்துவிட்டோம் என்று அவளும் பெருமூச்சு விட்டிருப்பாள். அந்தச் சொல் என் நாக்கு நுனியில் இருந்தது.

“இல்லக்கா. உனக்குப் பேசி முடிச்சப்பவே இல்ல. அதுக்கு முன்னாடி இருந்ததுகூட ஞானத்தாய்க்கும் ஞானப்பிள்ளைக்கும் நடுவுலதான். அவங்க பெத்த பிள்ளைங்களுக்கு இல்ல. உங்க ரெண்டு பேருக்கும் அது பொருந்தவே பொருந்தாது.”

“சாமியக் கேட்டாச்சின்னு அவருகிட்ட சொன்னியேடா.”

“கேக்கலக்கா. பொய் சொன்னேன்.”

பாவி, என் வாழ்க்கையைக் கெடுத்தியே என்று அவள் கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். காதில் போனை வைத்துக்கொண்டு அதற்காகவே காத்திருந்தேன்.

“மாசா மாசம் மொத வெள்ளிக்கி பாவசங்கீர்த்தனம் போயிகினு இருக்கேன்டா நானு,” என்றாள். குரலில் கோபமே இல்லை. “அந்தாளு நெனப்பு வரும். அண்ணன் மொற ஆவுற ஆளாச்சே, மகாபாவமாச்சே. அத்த அப்பிடியே சொல்ல வாய் வராது. கெட்ட நெனப்பு வந்துச்சி சாமின்னு மட்டும் சொல்லுவேன். மூணு அருள் நிறைந்த மரியே சொல்லச் சொல்லுவாரு. சொல்லிட்டு வருவேன். அடுத்த மாசமும் போயி அதேதான் சொல்லுவேன்.”

“அக்கா…”

“கெட்ட நெனப்புகூட இல்ல சூசை. பஸ்ஸு நின்னதும், ‘டீச்சர், பாத்து எறங்குங்க’ன்னு சொல்லுவாரு. அத்த நெனச்சிக்குவேன். அவ்ளோதான்.”

பிறகு அவளே கேட்டாள்.

“அப்ப அது பாவம் இல்லியா?”

“இல்லக்கா. பாவமே இல்ல.”

“பாவம் இல்லன்னா, இத்தினி வருசமா நான் எத்துக்குடா மன்னிப்பு கேட்டுகினு இருந்தேன்?”

“நீ இனிமே ஒண்ணும் சொல்ல வேணாங்க்கா. சொல்ல வேண்டியவன் நான்தான். நான் போயி ஃபாதர்கிட்ட முட்டி போட்டுச் சொல்றேன்,” என்றேன்.

“உன்னுத நீ சொல்லிக்கோ,” என்றாள் அக்கா. “வர்ற வெள்ளிக்கி நான் போயி இன்னா சொல்றது? அத்தச் சொல்லு மொதல்ல.”